கரிச்சட்டிக் கஞ்சி

காட்டேஜ் சமையல் என்பது அடுத்தவர் பசியை மணி பார்த்து ஆற்றிவிட்டு, நம் பசியை நேரம் கிடைக்கும்போது ஏமாற்றுகிற வேலை. இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து ஒரே பயம், தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று. நான் ஏழாவதோடு நின்றவள். இதுவரை எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டுதான். ஆனால் பயம் எழுத்தைப் பற்றியது இல்லை. இந்தக் கதையில் ஓரிடம் இருக்கிறது. அங்கே வந்தால் என் நாக்கு புரண்டுவிடும். ஏற்கெனவே மூன்று விதமாகத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவையாவது சரியாக வரட்டும்.

என் பெயர் பாண்டியம்மாள். ஊர், மேல்மலையில் பூண்டு போடுகிற ஒரு கிராமம். பதினோரு வருஷமாகக் கொடைக்கானலில், ஏரிக்கு மேலே மேட்டில் இருக்கும் ஆறு அறை காட்டேஜ் ஒன்றில் சமைக்கிறேன். சமைக்கப் பிடிக்காத நாளில் சமையல்காரி என்ன சாப்பிடுவாள் என்று சிலர் கேட்பார்கள். அடுப்படியில் நின்று கால் வீங்கிய உங்களுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். மிச்சம் மீதியைச் சாப்பிடுவாள். அதுவும் முடியாத நாளில் என்ன சாப்பிட்டோம் என்பதுதான் இந்தக் கதை.

சிம்பிளா ஏதாவது

சீசனில் வருகிற கெஸ்ட்டுகள் எல்லோருக்கும் ஒரு வார்த்தை பொது. "சிம்பிளா" என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இடுப்பு வலிக்கத் தொடங்கிவிடும். ஒரு சித்திரை மாதம், வத்தலக்குண்டு பக்கம் மலைப்பாதையில் ஆறு மணி நேரம் வண்டிகள் நின்றுபோன நாளில், சென்னையிலிருந்து ஒன்பது பேர் களைத்துப்போய் வந்து இறங்கினார்கள். காலையில் ஐந்து மணிக்கு எழுந்தவள் நான். அப்போதுதான் அடுப்பை அணைத்துத் துடைத்திருந்தேன். அந்தக் குடும்பத்தின் அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்று, என்னைப் பார்க்க அவருக்கே பாவமாக இருந்தது போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் சிரமப்படாதீங்கம்மா, சிம்பிளா ஏதாவது போதும். பூரி, கிழங்கு, கொஞ்சம் வெஜ் புலாவ், குழந்தைக்கு மட்டும் நெய் தோசை."

நிற்க முடியாதவர்களின் சாப்பாடு

அடுப்படியில் நாங்கள் இரண்டு பேர். நானும் லெச்சுமி அக்காவும். அவருக்கு என்னைவிட ஆறு வயது கூட. அவருடைய அப்பா, அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இந்த மலையில் குடியேறியவர்கள். இங்கேயே பிறந்தும் டீயை அவர் "தேத்தண்ணி" என்றுதான் சொல்வார். புருஷன் இல்லை. ஒரே மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். நான் எதற்கெடுத்தாலும் பதறுகிறவள். பால் பொங்குவதற்கு முன்பே பொங்கிவிட்டது என்று ஓடுகிறவள். அக்கா எதற்கும் பதறாதவர்.

மதியச் சாப்பாடு முடிய இரண்டரை ஆகும். நாலு மணிக்கு டீ தொடங்கும். நடுவில் இருக்கிற ஒன்றரை மணி நேரம்தான் எங்களுக்கு. அந்த நேரத்தில் நமக்கென்று ஓர் அப்பளம் பொரிக்கக்கூடத் தோன்றாது என்பது உங்களுக்கே தெரியும். மீந்த ரசத்தில் ப்ரெட்டைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிடுவோம். மோரில் அவலை ஊறவைத்து, கேரட் துருவிப் போட்டுச் சாப்பிடுவோம். அந்தக் குளிரில் மோர் தொண்டைக்கு ஆகாது என்று நான் புலம்பியபோது அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். கெஸ்ட்டுகள் சாயங்காலம் பார்பிக்யூ போட்டுக் கோழி சுடுவார்கள். பாதி எரிந்த கரி கூடைகூடையாக மிஞ்சும். அதைத் தண்ணீர் தெளித்து அணைத்து, காயவைத்து, மறுநாள் மதியம் ஒரு பழைய இரும்புச் சட்டியில் பற்றவைத்து எங்கள் அறைக்குள் கொண்டுபோய் வைப்பார். கனிந்த கரிக்கு மேலே ஒரு பாத்திரம். அரை டம்ளர் அரிசி, ஒரு கை பாசிப்பருப்பு, பத்துப் பல் மலைப்பூண்டு, தட்டிய மிளகு, உப்பு, நிறையத் தண்ணீர். அவ்வளவுதான். நாங்கள் அதற்குக் கரிச்சட்டிக் கஞ்சி என்று பெயர் வைத்தோம். முதல் நாள் சட்டியைச் சுற்றிக் காலை நீட்டி உட்கார்ந்தபோது அக்கா சொன்னார்:

"கிண்ட வேணாம், நிக்க வேணாம், அதும்பாட்டுக்கு வெந்துரும். நாமளும் குளுர் காஞ்ச மாதிரி ஆச்சு புள்ள."

காற்று வராத அறை

எங்கள் அறை அடுப்படிக்குப் பின்னால், முற்றம் தாண்டி இருந்தது. தகரக் கூரை, உள்ளே பலகை அடித்தது. ஒரு கதவு, ஒரு ஜன்னல். மழைக்காலத்தில் கதவு உப்பிக்கொள்ளும், சாத்தினால் முழுதாகச் சாத்தாது. அந்த இடுக்கு வழியாக மூடுபனி தவழ்ந்து வந்து பாயை ஈரமாக்கிவிட்டுப் போகும். நான் சும்மா இருப்பேனா? காட்டேஜைப் பார்த்துக்கொள்ளும் சேவியர் தம்பியைக் கண்டபோதெல்லாம் கதவு, கதவு என்று நச்சரித்தேன். கடைசியில் அவர் கதவின் ஓரத்தை இழைத்து, சட்டத்தில் ரப்பர் பட்டை அடித்துக் கொடுத்தார். ஜன்னல் இடுக்குகளுக்கு நானே மைதாப் பசை காய்ச்சிப் பழைய நாளிதழை ஒட்டினேன். கதவுக்கடியில் தள்ளிவைக்க ஒரு சாக்கைச் சுருட்டித் தைத்தேன். மேலே பலகைக்கு நடுவில் ஓர் ஓட்டை இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, அதையும் துணி வைத்து அடைத்தேன்.

இத்தனையும் என் கையால் செய்தது. கதவு மட்டும் சேவியர் தம்பி செய்தது, அதுவும் நான் நச்சரித்து. சேவியர் தம்பி உள்ளே வந்து, கதவைச் சாத்திப் பார்த்து, ஒரு தீக்குச்சியைக் கிழித்து இடுக்கில் பிடித்தார். சுடர் ஆடாமல் நின்றது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீகளாக்கா, இனி எமன் புகுந்தாலும் காத்து புகாது."

மிளகு கூடிப்போச்சு

அறையை அடைத்த அந்த ஆவணியிலிருந்து எங்கள் இருவருக்கும் தலைவலி. தினம் மூன்று மணிக்கு நெற்றிப்பொட்டில் ஆணி அடித்தாற்போலத் தொடங்கும். வயிற்றைப் புரட்டும். டீ போட வெளியே வந்து அரை மணி நேரத்தில் சரியாகிவிடும். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று தைலம் தேய்த்தோம். எனக்குக் கண்ணில் கோளாறு என்று நானே முடிவுகட்டி, ஒரு மாதம் அந்தக் கவலையில் தூங்கவில்லை. அக்கா நிதானமானவர். அவர் கஞ்சியைச் சந்தேகப்பட்டார். முதலில் மிளகைக் குறைத்தார். தலைவலி போகவில்லை. பூண்டு சூடு என்று அதை நிறுத்தினார். போகவில்லை. பருப்பு வாயு என்று அதையும் நிறுத்தினார். கடைசியில் வெறும் அரிசியும் உப்பும்தான் மிச்சம். மருந்துக் கஞ்சி போல ஆகிவிட்டது. தலைவலி மட்டும் அப்படியே இருந்தது.

கரியைப் பற்றி இருவருக்குமே தோன்றவில்லை. அடுப்படி விறகுப் புகையில் வளர்ந்தவர்கள் நாங்கள். புகை என்றால் கண் எரிய வேண்டும், இருமல் வர வேண்டும். இந்தக் கரியில் புகையே இல்லை. வாசனையும் இல்லை. நல்ல கரி என்று சொல்லிக்கொண்டோம். அடுப்படியில் ஒரு சாம்பல் பூனை உண்டு. குளிரில் யார் மடியிலாவது ஏறிவிடும். அது எங்கள் அறைக்குள் வந்தால் ஐந்து நிமிஷம்தான். எழுந்து போய்க் கதவைப் பிராண்டும். திறந்துவிட்டால் மழையிலும் வெளியே ஓடும். அக்கா அதைப் பார்த்துச் சிரித்தது இப்போதும் காதில் நிற்கிறது.

"நம்ம கஞ்சியப் பாத்துப் பூனையே ஓடுது புள்ள, நாம எப்பிடித்தான் திங்கிறமோ!"

நர்ஸம்மா

புரட்டாசியில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்தம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்ப்பவர். அன்று கரண்ட் இல்லை, ஹீட்டர் ஓடாது. அவருடைய மாமியார் குளிரில் நடுங்கினார். பெரியவர்களுக்கு ஆகட்டுமே என்று நான் ஒரு சட்டியில் கனிந்த கரியை அள்ளிக்கொண்டு அவர்கள் அறை வாசலுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் நர்ஸம்மா பாய்ந்து வந்து கதவை மறித்துக்கொண்டார். சட்டியை வராந்தாவிலேயே வைக்கச் சொன்னார். வராந்தாவிலும் நடுவில் வேண்டாம், படி ஓரம் என்றார்.

நான் முகம் சுண்டித் திரும்பினேன். நல்லது செய்யப் போனால் விரட்டுகிறார்கள் என்று அக்காவிடம் குறைப்பட்டுக்கொண்டேன். நர்ஸம்மா சொன்ன வார்த்தையை மட்டும் அக்காவிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கு வரை யோசிக்கிறேன். கெஸ்ட் அறைகளுக்கென்று ஆயிரம் சட்டம் உண்டு. எண்ணெய்க் கையோடு திரையைத் தொடாதே, கம்பளத்தில் செருப்போடு ஏறாதே, ஆணி அடிக்காதே. எங்கள் அறைக்கு ஒரு சட்டமும் கிடையாது. இதுவும் கெஸ்ட்டுகளுக்கான சட்டம் என்றே என் மூளை எடுத்துக்கொண்டது. மறுநாள் மதியம் அதே சட்டியை எங்கள் அறைக்குள் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். நர்ஸம்மா சொன்னது இதுதான்:

"மூடுன ரூமுக்குள்ள கரி வைக்கவே கூடாதுங்கம்மா, தூங்குறாங்கன்னு நெனைச்சுட்டு இருப்போம், ஆள் போயிருப்பாங்க."

இன்னொரு தட்டு

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. பார்பிக்யூ கேட்டவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். பிரித்த மூட்டைக் கரி அப்படியே கிடந்தது. ஈரத்தில் வீணாகிவிடும், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் சேவியர் தம்பி. அன்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கு போட்டோம். கஞ்சி கொதிக்கத் தொடங்கும்போதே எனக்குத் தலை பிளந்தது. அக்கா சட்டிக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்துவிட்டார். மூன்றேகாலுக்கு மணி அடித்தது. நாலாம் நம்பர் அறையில் பஜ்ஜியும் டீயும் கேட்டார்கள். எழுந்தேன். கால் இரண்டும் வேறு யாருடையதோ போல இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அக்கா கண்ணைத் திறக்காமலே, "வெரசா வா புள்ள, கஞ்சி ஆறிரும்" என்றார்.

இனி வருவதுதான் நான் சொன்ன இடம். நான் கதவைச் சாத்தினேன். அரைகுறையாக இல்லை. ரப்பர் பட்டை அழுந்தும்படி இழுத்துச் சாத்தினேன். கீழே தைத்து வைத்திருந்த சாக்கை, வெளியிலிருந்து காலால் நெருக்கி இடுக்கில் தள்ளினேன். அக்காவுக்குக் குளிரக்கூடாது என்று. முற்றத்துக் காற்று பட்டதும் எனக்குத் தலை தெளிந்தது. வாழைக்காய் சீவி, மாவு கரைத்து, மூன்று ஈடு போட்டேன். இன்னொரு தட்டு என்றார்கள், அதற்கும் வெங்காயம் நறுக்கி வைத்துவிட்டு, போடுவதற்கு முன் அக்காவை எழுப்பப் போனேன். திரும்பி வந்தபோது நாலு மணி. முக்கால் மணி நேரம்.

கதவைத் திறந்ததும் அடிப்பிடித்த வாடை. "என்னக்கா தூக்கம், கஞ்சி கருகிப்போச்சு பாரு" என்று வைதுகொண்டே, முதலில் துணியால் பாத்திரத்தைப் பிடித்து இறக்கினேன். ஆமாம், முதலில் பாத்திரத்தைத்தான் இறக்கினேன். அக்காவின் முகம் நன்றாகச் சிவந்து, காய்ச்சல் விட்டுத் தூங்குகிற பிள்ளை முகம் போல இருந்தது. வாயோரம் வாந்தி வழிந்திருந்தது. தோளை உலுக்கினேன். தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனது. அப்போதுதான் நர்ஸம்மாவின் வார்த்தை காதில் கேட்டது. நான் போட்ட கூச்சலில் சேவியர் தம்பி ஓடி வந்தார். பாயோடு பிடித்து இழுத்து அக்காவை முற்றத்து மழையில் போட்டோம். மழைத் தண்ணீர் முகத்தில் விழ, குறட்டை போல ஒரு மூச்சு வந்தது. பிறகு ஒன்று. ஜீப்பைக் கொண்டுவர சேவியர் தம்பி ஓடினார். நாலாம் நம்பர் அறைக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் வந்தார். மூங்கில் தட்டிக்குப் பின்னால் நாங்கள் கிடந்தது அவருக்குத் தெரியவில்லை.

"ஏம்மா, இன்னொரு தட்டு கேட்டு எவ்ளோ நேரமாச்சு, யாரும் இல்லியா இங்க?"

எத்தனை நிமிஷம்

ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள். சின்ன வயது டாக்டரம்மா. ஜீப்பில் வரும்போதே சேவியர் தம்பி, "போலீஸ் கேஸ் ஆகுமாம், வாயக் குடுத்து மாட்டிக்கிறாதீகக்கா" என்று சொல்லியிருந்தார். அவருக்கு அவர் வேலை பயம். எனக்கு எல்லாமே பயம். அறை எவ்வளவு நேரம் மூடியிருந்தது என்று டாக்டரம்மா கேட்டார். "பத்து நிமிசந்தாங்க. கதவுகூட ஒருக்களிச்சுத்தான் இருந்துச்சு" என்றேன். அவர் பேனாவை எடுக்காமல் என்னையே பார்த்தார். பத்து நிமிஷத்தில் ஆள் இப்படி ஆகமாட்டார்கள், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்தேன். யோசித்துவிட்டு மறுபடியும் பத்து நிமிஷம் என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். தலைவலியைப் பற்றி விசாரித்தார். அக்கா மிளகைக் குறைத்தது, பூண்டை நிறுத்தியது எல்லாவற்றையும் சொன்னேன். அதையெல்லாம் மட்டும் எவ்வளவு சரியாகச் சொன்னேன் தெரியுமா, எத்தனை பல் பூண்டு என்பது வரை. மூடின அறையில் எரிகிற கரியிலிருந்து வருகிற காற்று விஷம், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை என்று எனக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னார். பிறகு ஒரு நர்ஸைக் கூப்பிட்டு எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

"ரெண்டு மாசமா நீங்களும் அதே ரூம்லதானே உக்காந்திருந்தீங்க? வாங்க, உங்களையும் பாக்கணும்."

உப்பு

அக்கா பிழைத்தார். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். திருப்பூரிலிருந்து மகள் வந்து பத்து நாள் இருந்துவிட்டு, லீவு முடிந்து போனாள். அக்கா பழையபடி பேசினார், நடந்தார், தேத்தண்ணி கேட்டார். கண்டம் கழிந்தது என்று பழனிக்கு நடந்து வருவதாக நான் வேண்டிக்கொண்டேன். வேலைக்கும் திரும்பினார். ஒரு மாதம் ஆகவில்லை, ஒரு நாள் காலை சாம்பாரில் உப்புப் போட்டார். கரண்டியைக் கழுவிவிட்டு வந்து மறுபடி போட்டார். அடுப்பைத் துடைத்துவிட்டு வந்து மூன்றாவது தடவை போட்டார். ரசத்துக்குக் கொதித்த தண்ணீரில் டீத்தூளைக் கொட்டினார். என் பெயரைத் தேடி, கிடைக்காமல், சிரித்துக்கொண்டு நின்றார்.

அவரைக் கூட்டிக்கொண்டு மறுபடி அந்த டாக்டரம்மாவிடம் போனேன். சில பேருக்கு எல்லாம் தேறின பிறகு, சில வாரம் கழித்து இப்படி வரும் என்றார். மெல்லச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம். அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் கதவோரம் நின்று, "அம்மா, அன்னைக்குப் பத்து நிமிசம் இல்லைங்க. முக்கா மணி நேரம். கதவு முழுசாச் சாத்தியிருந்துச்சு" என்றேன். டாக்டரம்மா என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. கையில் இருந்த காகிதத்தில் நேரத்தைத் திருத்திவிட்டுச் சொன்னார்:

"அன்னைக்கே சொல்லியிருந்தா மதுரைக்கு அனுப்பியிருப்போமோ என்னவோ, அங்க போயிருந்தா இது வராம இருந்திருக்குமா, அது எனக்கே தெரியலம்மா."

கதவ யாரு சாத்துனா

இப்போது அக்காவுக்குப் பூண்டு உரிக்கிற சோலி மட்டும். அதில் கை தப்புவதில்லை. மறந்துபோய் எதிலாவது உப்பைப் போட்டிருப்பாரோ என்று ஒவ்வொரு குழம்பையும் நான் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே அனுப்புகிறேன். ஒரு கெஸ்ட் குறை சொன்னாலும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்து தூங்கிவிட்டால் பார்க்க ஆள் இல்லை. அதனால் ராப்பகலாக எனக்குக் காவல் வேலையும் சேர்ந்துகொண்டது. ஆனால் அது பெரிதில்லை. பூண்டு உரித்துக்கொண்டே, தினம் மூன்று மணி வாக்கில், அக்கா தலையைத் தூக்கி ஒன்று கேட்பார். "ஏம் புள்ள, அன்னைக்குக் கதவ யாரு சாத்துனா?"

முதல் நாள், "காத்துல சாத்திருச்சுக்கா" என்றேன். அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். மறுநாள் அதையே கேட்டார். "சேவியர் தம்பியா இருக்கும்" என்றேன். அன்று அவர் டீ வாங்க வந்தபோது, அக்கா அவரைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பார்வை எனக்கு வர வேண்டியது. மூன்றாம் நாள் கேட்டபோது, கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். "நாந்தாக்கா. நாந்தான் இழுத்துச் சாத்துனேன். சாக்கையும் நாந்தான் தள்ளுனேன்." சொல்லிவிட்டு, அடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அக்கா ஒரு பூண்டை உரித்து முடித்தார். தோலை ஊதித் தள்ளினார். பிறகு என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார்.

"குளுரும்ல புள்ள, நாந்தான் சாத்தச் சொல்லிருப்பேன்."

ஸ்க்ரூ டிரைவர்

மறுநாள் மூன்று மணிக்கு அதையே மறுபடி கேட்டார். நேற்று சொன்னது அவரிடம் இல்லை. என்னிடம்தான் இருக்கிறது. ஆக, நான் தினம் ஒரு தடவை உண்மையைச் சொல்லவேண்டும், அவர் தினம் ஒரு தடவை மன்னிக்கவேண்டும். சில நாள் மன்னிப்பதில்லை. எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். "தெரிஞ்சா சாத்துன?" என்று ஒரு நாள் கேட்டார். நர்ஸம்மா சொன்னதை அன்று சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் அவர் என்னோடு பேசவில்லை. மறுநாள் அதுவும் அவரிடம் இல்லை. என்ன சொன்னாலும் நாளைக்கு இருக்காது என்ற தைரியத்தில் ஒரு நாள் பொய் சொல்லிவிடுவேனோ என்பதுதான் இப்போது எனக்கிருக்கிற பெரிய பயம். எழுதிவைத்தால் அந்தப் பயம் கொஞ்சம் குறையும் என்றுதான் எழுதினேன்.

கரிச்சட்டியை அன்றைக்கே குப்பையில் போட்டாயிற்று. மிஞ்சின கரியில் நானே நின்று தண்ணீர் ஊற்றி, கையை வைத்துப் பார்த்துவிட்டு, அள்ளி வெளியே கொட்டுகிறேன். கெஸ்ட் யாராவது குளிருக்குக் கரி கேட்டால், கம்பளி வேண்டுமானால் நாலு தருகிறேன், கரி தரமாட்டேன் என்று நர்ஸம்மா போலவே கதவை மறித்துக்கொள்கிறேன். ஆனாலும் எங்கள் அறையில் உட்கார்ந்தால் கண் கதவிலேயே நின்றது. காற்று அசைத்தால் உடம்பு தூக்கிப்போட்டது. ஒரு மதியம் சேவியர் தம்பியின் பெட்டியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தேன். கீல் துருப்பிடித்திருந்தது. தேங்காயெண்ணெய் விட்டு, ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி, கதவை அப்படியே பெயர்த்து முற்றத்துக்குக் கொண்டுவந்து போட்டேன். ஜன்னலில் ஒட்டிய காகிதத்தைக் கிழித்தேன். ஸ்டூல் போட்டு ஏறி மேலே அடைத்த துணியையும் பிடுங்கினேன். இப்போது அந்தக் கதவு இரண்டு கல்லின் மேல் கிடக்கிறது. அதன் மேல்தான் காய் நறுக்குகிறோம். சேவியர் தம்பி வந்து, கதவில்லாத வாசலையும் உள்ளே மிதக்கிற பனியையும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏக்கா, கதவே இல்லாம எப்பிடிக்கா இருப்பீக, வெறச்சுப் போயிர மாட்டீகளா?"

அடுப்படியில் நிற்கிறவர்களே, சமைக்கப் பிடிக்காத நாளுக்கு நான் கடைசியில் கண்டுபிடித்த சுலபமான சாப்பாடு இவ்வளவுதான்: ஃப்ளாஸ்க் வெந்நீரில் அவலைப் போட்டு, கெஸ்ட்டுகள் மறந்துவிட்டுப் போன ஸ்வெட்டர்களில் இரண்டு இரண்டாக மாட்டிக்கொண்டு, கதவில்லாத அறையில் அக்காவும் நானும் பல் கிட்டித்தபடி உட்கார்ந்து, அவர் கேட்பதற்கு முன்பே நான் பதிலைச் சொல்லிவிட்டுச் சாப்பிடுவது.